மழைக்கு நடுவே ஒரு மணித்தியாலம்

இந்தக் கிழமை வந்த கடிதங்களில் நான்கு ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வருகின்றன. வாடைக்காற்று தொடங்கிவிட்டது, நடை பழகிய சின்னப் பிள்ளை வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறது, என்ன செய்வது? இருபத்தெட்டு வருடம் திருகோணமலையில் குடும்பநல உத்தியோகத்தராக, மாரிகாலம் முழுக்கக் குடையும் பையுமாக வீடு வீடாகப் போனவள் நான். இப்போது ஓய்வில் இருக்கிறேன். மகளின் மகனுக்கு வருகிற தையில் மூன்று வயது. பகலில் அவன் என்னிடம்தான். அதனால் பழைய அனுபவத்தோடு, போன செவ்வாய்க்கிழமை நடந்ததையும் சேர்த்துத்தான் சொல்லப்போகிறேன்.

* * *

“மிஸ், நாங்கள் ஆவணியில் கொழும்பிலிருந்து மாற்றலாகி வந்தோம். உவர்மலையில் மேல்மாடி வீடு. மகனுக்கு இரண்டு வயதும் மூன்று மாதமும். கொழும்பில் மழை என்றால் கடைத்தொகுதிக்குள் இருக்கிற விளையாட்டு இடத்துக்குக் கூட்டிப்போவோம். இங்கே கடற்கரைதான் அவனுக்கு எல்லாம். மழை தொடங்கி மூன்று கிழமையாக அதுவும் இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். போனைக் கொடுத்தால்தான் அடங்குகிறான். மழை நாளில் இந்த ஊரில் அவனை எங்கே கூட்டிப்போகலாம்?”
– ஒரு தாய், உவர்மலை

மகள், உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். அந்த ஜன்னல் கம்பி மனதை விட்டுப் போகவில்லை. ஊருக்குப் புதிது, மேல்மாடி, மூன்று கிழமை மழை. போன் கொடுத்ததற்காக உங்களை நீங்களே குறை சொல்லிக்கொள்ள வேண்டாம். ஆனால் இரண்டு வயதுப் பிள்ளை திரை பார்ப்பது நாளுக்கு ஒரு மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது, ஓடியாடுவது மூன்று மணித்தியாலத்துக்குக் குறையக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வெளியிட்ட வழிகாட்டலில் இருக்கிறது. அந்த மூன்று மணித்தியாலமும் ஒரேயடியாக வேண்டியதில்லை. படி ஏறி இறங்குவது, தலையணை மேல் குதிப்பது, கடைக்கு நடந்து போவது எல்லாம் கணக்கில் சேரும். அவன் கம்பியைப் பிடித்து அழுவது, அவன் உடம்பு அதைக் கேட்பதால்தான்.

இந்த ஊர் மழையை முதலில் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். கொழும்பில் வருடத்தில் இரண்டு தரம் மழைக்காலம் வரும். எங்களுக்கு ஒன்றுதான். ஒரு வருடத்தில் பெய்கிற மழையில் பாதிக்கு மேல் ஒக்ரோபர், நவம்பர், டிசம்பர் என்ற மூன்று மாதத்துக்குள் கொட்டி முடிந்துவிடும். ‘மழை விடட்டும், போவோம்’ என்று காத்திருந்தால் தைப்பொங்கல் வந்துவிடும். ஆனால் ஒரு நாளை எடுத்துக் கவனித்துப் பாருங்கள். புயலோ தாழமுக்கமோ இல்லாத நாளில் காலையிலிருந்து இரவு வரை ஒரே சீராகக் கொட்டுவது குறைவு. ஒரு பாட்டம் அடிக்கும், ஓயும், தூறும், திரும்ப அடிக்கும். நடுவில் முக்கால் மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் என்று இடைவெளி கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் இடிமின்னல் பெரும்பாலும் மத்தியானத்துக்குப் பிறகுதான் கட்டும். அதனால் நான் பேரனோடு வெளிக்கிடுவது காலை ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் இடையில். மார்கழியில் இடி குறைந்துவிடும், காற்றும் தூறலும் கூடும். இடிச் சத்தம் காதில் விழுந்தால் எந்த மாதமானாலும் உடனே கட்டடத்துக்குள் போய்விடவேண்டும். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் போகும் வரை வெளியே வரக்கூடாது. மரத்தடி கூடவே கூடாது.

சரி, எங்கே போவது? நான் முதலில் சொல்வது ரயில் நிலையம். 1927 இல் திறந்த பாதை அது. கல்ஓயாச் சந்தியில் பிரிந்து, கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா எல்லாம் கடந்து இங்கே வந்து முடிகிறது. முடிகிற இடம் என்பதால் ரயில் வந்து நின்றால் நின்றதுதான். பெரிய ஸ்டேஷன்களில் இருக்கிற அவசரமும் நெரிசலும் இங்கே இல்லை. மேடைக்குக் கூரை இருக்கிறது, உட்கார வாங்கு இருக்கிறது. எந்த நேரத்தில் பெட்டிகள் வந்து நிற்கும் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள், சொல்வார்கள்.

போன செவ்வாய்க்கிழமை பேரனை அங்கேதான் கூட்டிப்போனேன். எஞ்சினைக் காட்டவேண்டும் என்பது என் எண்ணம். அவன் எஞ்சினை ஒரு தரம் பார்த்தான், “பெரிசு” என்றான், அவ்வளவுதான். கூரை ஓரத்திலிருந்து மழைத்தண்ணீர் சொட்டி, கீழே சீமெந்தில் ஒரு சின்னக் குழியில் விழுந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் குந்திவிட்டான். சொட்டு விழும், வட்டம் விரியும், அடுத்த சொட்டு விழும். “அம்மம்மா, தண்ணி குதிக்குது!” ஒரு இலையைப் பொறுக்கிக் குழிக்குள் போட்டான். இலை ஆடியது. எடுத்தான், திரும்பப் போட்டான். இருபது நிமிடத்துக்கு மேல் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. என் கை இரண்டு தரம் அவனை இழுத்து எஞ்சின் பக்கம் திருப்பப் பார்த்தது. அப்புறம் விட்டுவிட்டேன், பக்கத்தில் நானும் உட்கார்ந்துவிட்டேன்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், மகள், மழை நாளில் உங்கள் மகனுக்கு விளையாட்டு இடம் இல்லையே என்று நீங்கள் தவிக்கிறீர்கள். இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஓர் இடம், பார்க்க ஒரு பொருள், தொட்டுப் பார்க்க நேரம், பக்கத்தில் அவசரப்படாத ஒரு பெரியவர், இவ்வளவும் போதும். ஒரு நாளில் ஓர் இடம் மட்டும் வையுங்கள். அதே இடத்துக்கு அடுத்த நாளும் போங்கள். பெரியவர்களுக்குத்தான் அது அலுக்கும். பிள்ளை நேற்றுப் பார்த்த குழி இன்றைக்கும் அங்கே இருக்கிறதா என்று பார்க்க ஓடுவான்.

இரண்டாவது, மான்கள். வந்து நான்கு மாதம் ஆகிறது, பார்த்திருப்பீர்கள். பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் நகரத்துத் தெருவோரங்களிலும் புள்ளிமான்கள் வீட்டு மாடு மாதிரித் திரியும். மழை பெய்யும்போது மரத்தடியிலும் சுவரோரத்திலும் ஒதுங்கி நின்று காதை உதறும். அந்தக் காது உதறலைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கிற சிரிப்பு தனி. கோட்டை 1624 இல் போர்த்துக்கேயர் கட்டியது, அதற்குக் கோணேசர் கோயிலை இடித்த கற்களையும் எடுத்தார்கள். அந்தச் சரித்திரம் உங்களுக்கு, மான் அவனுக்கு. இரண்டு விஷயம் கவனிக்கவேண்டும். கொம்பு வைத்த ஆண் மானுக்குக் கிட்டப் பிள்ளையை விடவேண்டாம், எவ்வளவு சாதுவாக நின்றாலும் சரி. மற்றது, பிஸ்கட் உறையையோ ஷொப்பிங் பையையோ கீழே போடவேண்டாம். மான்கள் பொலித்தீனைத் தின்றுவிடும், வயிற்றில் சிக்கிச் செத்துப்போகும். மானுக்குத் தீனி கொடுக்கப் பழக்காமல், பார்க்க மட்டும் பழக்குங்கள்.

கோட்டை வரை போனவர்கள் கோணேசர் கோயிலுக்கும் ஏறத்தான் நினைப்பார்கள். போங்கள், ஆனால் வாடைக்காலத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டே போங்கள். செருப்புக் கழற்றிய காலுக்கு நனைந்த கருங்கல் வழுக்கும். இராவணன் வெட்டுப் பக்கம் காற்று பெரியவர்களையே தள்ளும். அங்கே பிள்ளையைக் கீழே இறக்கவேண்டாம். இந்த வயதில் எனக்குப் பிடித்தது நகரத்துக்குள் இருக்கிற பத்திரகாளி அம்மன் கோயில்தான். உள்ளே கூரை முழுக்க நிறம் நிறமான சிற்பங்கள். பேரன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்து என் காலில் முட்டுவான்.

டொக்யார்ட் வீதியில் ஒல்லாந்தர் காலத்துப் பழைய கட்டடத்தில் கடற்படை வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. பலத்த மழைக்கு நல்ல ஒதுக்கிடம். பிள்ளைக்குக் கப்பல் மாதிரிகளைத் தூக்கிக் காட்டுங்கள், பலகைகளில் எழுதியிருப்பதை எல்லாம் வாசிக்க நிற்காதீர்கள். அரை மணித்தியாலம் போதும்.

பஸ் பயணத்தையும் மறக்கவேண்டாம். நகரப் பஸ் நிலையத்தில் கிண்ணியா பஸ்ஸில் ஏறி, ஜன்னல் பக்கம் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் வயலும் எருமையும் கொக்கும். கடைசியில் கிண்ணியாப் பாலம், 396 மீற்றர் நீளம், 2009 இல் திறந்தது. அதற்கு முன் அந்த இடத்தைப் ‘பாதை’ என்கிற மிதவைப் படகில்தான் கடந்தோம். மாரிகாலத்தில் பாதை ஓடாத நாட்களில் இந்தக் கரையில் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களோடு நான் காத்திருந்திருக்கிறேன். இன்றைக்குப் பஸ் நிற்காமல் கடக்கிறபோது எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சு நிறைகிறது. பேரனுக்கு அது தெரியாது. இரண்டு பக்கமும் தண்ணீர் என்பதில்தான் அவனுக்குச் சந்தோஷம். இறங்கி ஒரு பிளேன்டீ, அவனுக்கு ஒரு பணிஸ், அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவோம்.

கன்னியா வெந்நீரூற்று குளிரான காலைக்கு மிக நல்லது. அநுராதபுரம் வீதியில் ஏழெட்டுக் கிலோமீற்றர் இருக்கும், ஓட்டோவில் போகலாம். ஏழு சின்னக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு ஒவ்வொரு அளவு. தலையில் மழைத் தூறல், காலில் சுடுதண்ணீர் என்று பிள்ளைக்கு அது பெரிய அதிசயம். ஆனால் சின்னப் பிள்ளையின் தோல் மெல்லியது. உங்கள் முழங்கையை வைத்துப் பார்த்து, சூடு குறைந்த கிணற்றுத் தண்ணீரை வாளியில் எடுத்து, கொஞ்சம் ஆறவிட்டு, காலுக்கு மட்டும் ஊற்றுங்கள். தலைக்கு ஊற்றவேண்டாம். சுற்றியிருக்கிற தரை வழுக்கும், கையை விடவே கூடாது.

கடற்கரையைப் பற்றி. அவனுக்கு அது பழகிய இடம் என்பது எனக்கு விளங்குகிறது. இருந்தாலும் நவம்பர் முதல் தை முடியும் வரை உப்புவெளி, நிலாவெளி, டச்பே எங்கேயும் அலை அடிக்கிற ஈரமண்ணில் அவனை இறக்கிவிடாதீர்கள். ஆனி, ஆடியில் குளம் மாதிரிக் கிடந்த அதே கடல் இப்போது வேறு கடல். ஓர் அலை வந்து காலடி மண்ணை உருவிக்கொண்டு போகும். கடல் பார்க்க ஆசைப்பட்டால் உவர்மலையிலிருந்து இறங்கி உள்துறைமுக வீதிக்குப் போங்கள். அந்தப் பக்கம் மலைகள் சூழ்ந்து காற்றைத் தடுப்பதால் தண்ணீர் அடங்கிக் கிடக்கும். வீதியில் நின்றே படகுகளை எண்ணலாம்.

இனி, கொண்டுபோகிற பை. பிள்ளையோடு குடை பிடித்து நடப்பது சிரமம். ஒரு கை குடைக்குப் போனால் மிச்சம் ஒரு கைதான். நீங்கள் இருவரும் தொப்பி வைத்த மழைச்சட்டை போடுங்கள். பிளாஸ்டிக் மழைச்சட்டைக்குள் இங்கே வேர்க்கும், அதனால் அவனுக்கு உள்ளே மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று போதும், கம்பளி வேண்டாம். பைக்குள் துவாய் இரண்டு, மாற்று உடுப்பு இரண்டு சோடி, பம்பர்ஸ் இரண்டு, நனைந்ததைப் போட ஒரு தனிப் பை, போத்தலில் கொதித்தாறிய தண்ணீர், இரண்டு கதலிப்பழம். மாற்று உடுப்பைத் தண்ணீர் புகாத பைக்குள் கட்டி வையுங்கள். ஒரு தரம் அப்படிக் கட்டாமல் போய், மாற்ற எடுத்த உடுப்பும் நனைந்திருந்தது. தள்ளுவண்டி வேண்டாம், எங்கள் வீதிகளில் மழைத்தண்ணீருக்குள் சில்லு புதையும்.

வீட்டு வாசலிலிருந்து வாசல் வரை ஒன்றரை மணித்தியாலத்துக்குள் முடியுங்கள். கண்ணைக் கசக்கத் தொடங்கினால் திரும்பிவிடுங்கள், ‘இன்னும் கொஞ்சம்’ என்று நிற்காதீர்கள். வந்து உடுப்பு மாற்றி, சூடாகச் சோறும் பருப்பும் கொடுத்தால் மத்தியானம் நன்றாகத் தூங்குவான். அப்போது பெய்கிற மழை உங்களுக்கு.

* * *

“மிஸ், மழை ஓய்ந்த நேரம் மகளை (ஒரு வயதும் பத்து மாதமும்) வெளியே நடக்கக் கூட்டிப்போனால் மாமி கோபிக்கிறா. துளி பட்டாலே தடிமன் பிடிக்கும் என்கிறா. உண்மையா?”
– ஒரு தாய், பாலையூற்று

தடிமனைக் கொண்டுவருவது கிருமி, மகள். தும்மல், இருமல், மூக்கைத் தொட்ட கை, இவை வழியாக ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகிறது. மழைக்காலத்தில் தடிமன் கூடுவதற்கு ஒரு காரணம், எல்லாரும் கதவு ஜன்னலை மூடிக்கொண்டு ஓர் அறைக்குள் இருப்பது. காற்றோட்டமான இடத்தில் பத்து நிமிடம் நடந்த பிள்ளைக்கு அதனால் வருத்தம் வராது.

ஆனால் மாமி சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். அதற்குள் ஒரு சரியான விஷயம் இருக்கிறது. சின்ன உடம்பு பெரிய உடம்பை விடச் சீக்கிரம் சூட்டை இழக்கும். ஈரச் சட்டையும் காற்றும் சேர்ந்தால் பிள்ளை நடுங்கத் தொடங்கிவிடும். நனைந்தால் உடனே உடுப்பை மாற்றி, தலையையும் காலிடுக்கையும் உலரத் துடைக்கவேண்டும். அந்த வேலையை மாமியிடமே கொடுங்கள். துவாயோடு வாசலில் நிற்கிற அப்பம்மா பிள்ளைக்கு எவ்வளவு பெரிய பாக்கியம்! முடிந்தால் ஒரு நாள் அவவையும் கோட்டைக்குக் கூட்டிப்போங்கள். நான் பார்த்த மாமியார்களில் பலர், பிள்ளை மானைக் கண்டு கைதட்டியதைப் பார்த்த பிறகு அடுத்த நாள் தாங்களே “வெளிக்கிடு” என்று சொன்னவர்கள்.

தடிமன் வந்துவிட்டால், கற்பூரம் சேர்ந்த தைலத்தை இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் நெஞ்சிலோ மூக்கிலோ பூசவேண்டாம். உங்கள் மகளுக்கு இன்னும் இரண்டு ஆகவில்லை. மூச்சைப் பாருங்கள். பிள்ளை அமைதியாக இருக்கிறபோது ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை நிமிடத்துக்கு நாற்பது தரமோ அதற்கு மேலோ மூச்சு எடுத்தால், நெஞ்சுக்கூட்டின் கீழ்ப்பக்கம் உள்ளே இழுபட்டால், குடிக்க மறுத்தால், உடனே வைத்தியசாலை. வாகனம் இல்லை என்று விடியும் வரை காத்திருக்கவேண்டாம், 1990 க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. முட்டு இழுக்கிற பிள்ளைகளைக் காற்றோடு தூறல் அடிக்கிற நாளில் வெளியே கொண்டுபோவதைத் தள்ளிவையுங்கள்.

* * *

“மனைவிக்குக் கண்டியில் வேலை, வாரக்கடைசியில்தான் வருவா. மகளுக்கு ஒன்றரை வயது, பகலில் என் அம்மா பார்க்கிறா, பின்னேரம் நான். என்னிடம் மோட்டார் சைக்கிள்தான் இருக்கிறது. மழைச்சட்டைக்குள் அவளை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போனால் சந்தோஷப்படுகிறாள். பிழையா, மிஸ்?”
– ஒரு தந்தை, அன்புவழிபுரம்

தம்பி, வேலை முடிந்து வந்து களைப்போடு பிள்ளையைத் தூக்குகிற தகப்பனுக்கு நான் முதலில் மரியாதை செய்கிறேன். ஆனால் இதை ஒளிக்காமல் சொல்லவேண்டும். வேண்டாம். மழை இல்லாத நாளிலும் வேண்டாம், மழையில் கட்டாயம் வேண்டாம். அந்த வயதுத் தலைக்குச் சரியான தலைக்கவசம் இல்லை. நனைந்த வீதியில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்கிற தூரம் கூடும். உங்கள் மழைச்சட்டைக்குள் இருக்கிற பிள்ளைக்கு மூச்சு முட்டினால் உங்களுக்குத் தெரியாது. திடீரென்று நிறுத்தினால் முதலில் அடிபடுவது ஹாண்டிலுக்கும் உங்களுக்கும் நடுவில் இருக்கிற அவள்தான். வேலை செய்த காலத்தில் அப்படி அடிபட்ட பிள்ளைகளின் வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். அந்தத் தகப்பன்மார் எல்லாரும் மெதுவாக ஓட்டியவர்கள்தான்.

அவள் சந்தோஷப்படுவது உங்கள் நெஞ்சோடு ஒட்டி இருப்பதால். அதை நடந்தே கொடுக்கலாம். பெரிய துவாயில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு சந்திக் கடை வரை போங்கள். மழை பிடித்தால் கடைத் தாழ்வாரத்தில் நில்லுங்கள். ஓடுகிற பஸ், நனைந்த நாய், குடை பிடித்த பெரியம்மா என்று காட்டிக் காட்டிப் பெயர் சொல்லுங்கள். வாரக்கடைசியில் தாய் வந்ததும் மூவரும் ஓட்டோ பிடித்துச் சந்தைக்குப் போங்கள். கத்தரிக்காயைக் கையில் கொடுங்கள், கறிவேப்பிலையை முகர வையுங்கள், மீனைத் தொட விடுங்கள். கடல் கொந்தளிக்கிற நாளிலும் களப்பு மீனும் இறாலும் வரும். வீட்டுக்கு வந்து கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் சரி. நீங்கள் வீட்டுக்கு வரும் நேரம் இருட்டுகிறது என்றால் மழைச்சட்டை மஞ்சளோ சிவப்போ வாங்குங்கள், கறுப்பு வேண்டாம். வாகனம் ஓட்டுகிறவர்களின் கண்ணில் பிள்ளை படவேண்டும்.

* * *

“பேரனுக்கு இரண்டரை வயது. முற்றத்தில் வெள்ளம் நின்றால் குதித்து விளையாட அழுகிறான். விடலாமா, மிஸ்? டெங்கும் பயமாக இருக்கிறது.”
– ஓர் உம்மம்மா, கிண்ணியா

பெய்துகொண்டிருக்கிற மழையில், வீட்டு முற்றத்து மணலில், உங்கள் கண் முன்னால் ஐந்து பத்து நிமிடம் குதிக்கட்டும். குளிப்பாட்டி உடுப்பு மாற்றினால் முடிந்தது. நாட்கணக்காகத் தேங்கிக் கிடக்கிற வெள்ளத்தில் வேண்டாம். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர், காலில் இருக்கிற சின்னக் கீறல் வழியாக எலிக்காய்ச்சலைக் கொடுக்கும். மற்றது, அடி தெரியாத தண்ணீருக்குள் எதுவும் இருக்கலாம். என் மகளுக்கு இரண்டு வயதாக இருந்தபோது, ஒரு மார்கழியில் அவளைத் தூக்கிக்கொண்டு வெள்ளம் மூடிய தெருவைக் கடந்தேன். மூடி இல்லாத ஒரு கானுக்குள் என் கால் இறங்கிவிட்டது. இடுப்புவரை போய்விட்டேன். பிள்ளையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்த அந்தக் கணம் இன்றைக்கும் கையில் இருக்கிறது. யாரோ ஒரு சைக்கிள்காரர் ஓடிவந்து அவளை வாங்கினார். அன்றிலிருந்து அடி தெரியாத தண்ணீரில் நான் பிள்ளையோடு காலை வைப்பதில்லை.

டெங்குப் பயம் நியாயமானது. 2017 இல் கிண்ணியா பட்ட பாட்டை நீங்கள் நேரில் கண்டிருப்பீர்கள். அந்த நுளம்பு சாக்கடையைத் தேடுவதில்லை. சிரட்டை, தயிர்ச்சட்டி, பழைய டயர், பூச்சாடித் தட்டு, கூரைப் பீலி என்று ஓரளவு தெளிந்த தண்ணீர் தேங்குகிற இடத்தில்தான் முட்டையிடும். முட்டை பறக்கிற நுளம்பாக ஏழு, எட்டு நாள் ஆகும். கிழமைக்கு ஒரு தரம் கவிழ்த்துவிட்டால் அந்தச் சுற்று அறுந்துபோகும். காலையிலும் பொழுதுபடுவதற்கு முன்னும்தான் கூடுதலாகக் கடிக்கும், அந்த நேரம் நீளக் கைச்சட்டையும் நீளக் காற்சட்டையும் போடுங்கள். பகல் தூக்கத்துக்கும் வலை கட்டுங்கள். காய்ச்சல் வந்தால் பரசிட்டமோல் மட்டும், அதுவும் நிறைக்கு ஏற்ற அளவில், ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தரம். இபுப்ரொபனும் அஸ்பிரினும் கொடுக்கக்கூடாது, டெங்கு என்றால் இரத்தக்கசிவைக் கூட்டும். இரண்டு நாள் தாண்டியும் காய்ச்சல் விடாமல் இருந்தால் இரத்தம் சோதிக்கவேண்டும். வயிற்று வலி, விடாத வாந்தி, சோர்ந்து படுப்பது, சிறுநீர் குறைவது என்று கண்டால் நாளைப் பார்க்காமல் அன்றைக்கே வைத்தியசாலை. காய்ச்சல் விட்டவுடன் சுகம் என்று நினைக்கவேண்டாம், டெங்கில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம்.

அப்புறம், குதிக்க அழுகிற பேரனுக்கு ஒரு வேலை கொடுங்கள். எங்கள் வீட்டில் சனிக்கிழமை காலை சட்டி கவிழ்க்கிற நேரம். பேரன் முன்னால் போவான், நான் பின்னால். வளவின் மூலையில் கிடக்கிற சிரட்டையைக் கண்டால் “இருக்கு, இருக்கு!” என்று கத்துவான். இரண்டு கையாலும் கவிழ்த்துவிட்டு, தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும் வரை நின்று பார்ப்பான். போன கிழமை ஒன்பது கிடைத்தது. கோழித் தண்ணீர்ச் சட்டியையும் சேர்த்துக் கவிழ்த்துவிட்டான், அதை மட்டும் திரும்ப நிரப்பி வைத்தோம்.